முதல் திரை

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இம்மேடையில் வழக்கமாகத் திருக்குறளைப் பற்றியோ கம்பராமாயணத்தைப் பற்றியோ கற்றறிந்தவர் ஒருவர் பேசுவார். இம்முறை செயலாளர் அவர்கள் என்னை நிறுத்தி, சிறு தொழில் செய்வோரின் இணையதளத்தைப் பற்றிப் பேச வேண்டும் எனப் பணித்துவிட்டார். விருந்துக்கு வந்தவர்களுக்கு மோர்சாதம் போடுவது போன்ற காரியம் இது, பொறுத்தருள வேண்டுகிறேன். நான் கணினி படித்தவன் அல்லன். ரயில்வேயில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் அமர்ந்து, வண்டி எப்போது வரும், எந்தப் பிளாட்பாரத்தில் வரும் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன். ஆயினும் இன்றைய பொருளுக்கும் அந்த ஜன்னலுக்கும் நெருங்கிய உறவு உண்டு என்பதைச் சிறிது நேரத்தில் காண்பீர்கள்.

இது நம் சங்கத்தில் பேச வேண்டிய பொருள்தானா என்று சிலர் ஐயுறக்கூடும். நம் தந்தையர் காலத்தில் கரக்பூர்ப் பட்டறையில் ஒருவர் வேலைக்கு அமர்ந்தால் அந்தக் குடும்பம் நிமிர்ந்து நின்றது. குவார்ட்டர்ஸ், மருத்துவமனை, பிள்ளைகளுக்குப் பள்ளி, ஊருக்குப் போகப் பாஸ், முதுமைக்குப் பென்ஷன் என்று எல்லாம் ஒரே கூரையின்கீழ் கிடைத்தன. இன்று நிலைமை வேறு. 2004 ஆம் ஆண்டு ஜனவரி முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் முறை இல்லை. பிள்ளைகளுக்கும் இதே பட்டறையில் ஓர் இடம் கிடைக்கும் என்று யாரும் இப்போது கணக்குப் போடுவதில்லை. ஆகவே நம் வீடுகளில் புதிய முயற்சிகள் தோன்றியிருக்கின்றன. ஒரு வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறார்கள். ஒரு வீட்டின் முன்னறையில் ரவிக்கை தைக்கும் இயந்திரம் ஓடுகிறது. வேறொரு வீட்டில் மாலை தோறும் கணக்கு டியூஷன். அடுத்த வீட்டில் பரதநாட்டியச் சலங்கை ஒலி. இவற்றுக்கெல்லாம் முதல் எங்கிருந்து வந்தது என்பதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. சில வீடுகளில் அது பிராவிடண்ட் ஃபண்டுப் பணம். சில வீடுகளில் அடகுக் கடையில் இருக்கும் வளையல்.

இவர்களில் பலர் ஓர் இணையதளமும் அமைத்துக்கொண்டிருக்கிறார்கள். யாரோ ஓர் இளைஞரிடம் 5,000 ரூபாயோ 10,000 ரூபாயோ கொடுத்து அமைத்தது. வீட்டுப் பெரியவர் கைப்பேசியில் அதனைத் திறந்து உறவினர்களுக்குக் காட்டி மகிழ்கிறார். ஆனால் மாதம் முழுவதும் அதன் வழியாக ஒரு வாடிக்கையாளரும் வருவதில்லை. குறை எங்கே என்று தேடினால், அது பெரும்பாலும் பக்கத்தின் தலைப்பகுதியிலேயே இருக்கிறது.

கைப்பேசியில் ஒரு பக்கத்தைத் திறந்தவுடன், விரலால் மேலே தள்ளுவதற்கு முன்பாகவே கண்ணில் படுகிற அந்த ஒரு சாண் இடத்தை 'முதல் திரை' என்று அழைத்துக்கொள்வோம். பத்திரிகைக்காரர்கள் இதன் அருமையை நெடுங்காலமாக அறிவார்கள். நாளிதழை இரண்டாக மடித்துக் கடையில் அடுக்கினால் மேற்பாதி மட்டுமே தெரியும். ஸ்டேஷன் புத்தகக் கடையில் அந்த மேற்பாதியைப் பார்த்துத்தான் பயணி காசை எடுப்பார். ஆகவே முக்கியமான செய்தியை மடிப்புக்கு மேலே வைப்பது அவர்கள் மரபு. இணையத் தொழிலில் உள்ளவர்களும் அதே சொல்லை எடுத்துக்கொண்டு 'மடிப்புக்கு மேல்' என்றே சொல்கிறார்கள். இப்போது வேறொரு பெயரும் வழங்குகிறது. பக்கம் அமைக்கும் இளைஞர்கள் இப்பகுதியை 'ஹீரோ' என்கிறார்கள். சினிமாவில் ஹீரோ வருவதற்கு முன்பு புழுதி கிளம்பும், பாட்டு ஒலிக்கும், முதலில் காலைக் காட்டிப் பிறகு முகத்தைக் காட்டுவார்கள். இப்பெயரைக் கேட்டுத்தானோ என்னவோ, நம்மவர் பக்கங்களிலும் முதல் திரை முழுவதும் புழுதியும் பாட்டுமாகவே இருக்கிறது.

இவ்விடத்தின் மதிப்பு எவ்வளவு என்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். நீல்சன் நார்மன் குழு என்னும் அமெரிக்க ஆய்வு நிறுவனம், மக்களின் கண் எங்கே நிற்கிறது என்பதைக் கருவி கொண்டு கணித்தது. ஒரு பக்கத்தைப் பார்க்கச் செலவிடும் நேரத்தில் 80 விழுக்காடு முதல் திரையிலேயே கழிகிறது என்பது 2010 ஆம் ஆண்டில் கண்ட கணக்கு. 2018 ஆம் ஆண்டில் அது 57 விழுக்காடாகக் குறைந்திருந்தது. மக்கள் கீழே தள்ளிப் பார்க்கப் பழகிவிட்டார்கள் என்பது உண்மை; ஆயினும் பாதிக்கு மேற்பட்ட கவனம் மேலேயே நிற்கிறது. இதுவும் பெரிய கணினித் திரையில் அளந்த கணக்கு. நம் வாடிக்கையாளர் பார்ப்பதோ, பஸ்ஸில் நின்றுகொண்டு ஒரு கையில் பிடித்த கைப்பேசியில்.

கானடா நாட்டுக் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் கிட்டே லிண்ட்கார்ட் என்னும் அம்மையாரும் அவர் குழுவினரும் 2006 ஆம் ஆண்டில் மற்றோர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பக்கம் பார்க்க நன்றாக இருக்கிறதா இல்லையா என்ற முடிவுக்கு வர மனிதருக்கு 50 மில்லி விநாடி போதும் என்று அதில் கண்டார்கள். அதாவது ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்கு. இதனைக் கேட்டுப் பயந்துபோய் அலங்காரத்தில் இறங்கிவிடக் கூடாது. அழகு அழகின்மை என்ற முடிவுதான் அவ்வளவு விரைவில் பிறக்கிறது. 'இது எனக்கு வேண்டிய இடந்தானா' என்ற முடிவுக்கு இன்னும் சில விநாடிகள் ஆகும். நாம் கோட்டை விடுவது அந்தச் சில விநாடிகளைத்தான்.

இப்போது என் ஜன்னலுக்கு வாருங்கள். அங்கே வந்து நிற்கும் பயணி எதைக் கேட்கிறார்? இந்திய ரயில்வேயின் பெருமையைக் கேட்பதில்லை. 'ஐயா, இந்த வண்டி பாலேசுவரத்தில் நிற்குமா?' என்று ஒரே கேள்வி கேட்கிறார். 'நிற்கும், மூன்றாவது பிளாட்பாரம்' என்று ஒரே பதில் சொன்னால், நன்றிகூடச் சொல்லாமல் ஓடுகிறார். அவர் ஓடுவதுதான் எனக்குச் சான்றிதழ். வேலை முடிந்தது என்று பொருள். அதற்குப் பதிலாக, 'வருக வருக, பல்லாண்டுகளாகத் தங்கள் சேவையில் நாங்கள்' என்று நான் தொடங்கினால் அவர் என்ன செய்வார்? பின்னால் நிற்கும் கூட்டம் என்ன செய்யும்? நம் இணையதளங்கள் இதைத்தான் செய்துகொண்டிருக்கின்றன. பயணி ஜன்னலை உடைக்காமல் பின்வாங்கும் பொத்தானை அழுத்திப் போய்விடுகிறார். அதனால் நமக்குச் செய்தி தெரிவதில்லை.

ரயில் பெட்டியின் பக்கத்தில் உள்ள பலகையைப் பாருங்கள். வண்டியின் எண், பெயர், எங்கிருந்து, எங்கே. அவ்வளவுதான். இது என்ன, இது எனக்கானதா, நான் இப்போது என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றுக்கும் அந்த நான்கு சொற்களில் விடை இருக்கிறது. உலகின் முதல் இணையப் பக்கமும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. டிம் பெர்னர்ஸ்-லீ என்பார் செர்ன் ஆய்வகத்தில் 1991 ஆம் ஆண்டில் வெளியிட்ட பக்கம் அது. தலையில் பெயர், அதற்கடுத்து, இது இன்னது என்று விளக்கும் ஒரு வாக்கியம். படம் ஒன்றுமே இல்லை.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் பயன் இராது. நமது காலனியில் மாவு அரைத்து விற்கும் ஓர் அம்மையாரின் பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன். அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். இந்தச் சபையிலேயே அமர்ந்திருக்கிறார். கணவர் மறைந்த பின்பு, கடன் வாங்கிப் பெரிய கிரைண்டரும் குளிர்பதனப் பெட்டியும் வாங்கித் தொழிலைத் தொடங்கியவர். ஒரு நாள் என்னிடம், "தம்பி, கடையைத் திறந்துவைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். வாசல் வரைக்கும் யாரோ வருகிறார்கள், திரும்பிப் போய்விடுகிறார்கள். அது மட்டும் தெரிகிறது" என்றார். பக்கத்தின் வருகைக் கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னார். நூறு பேர் வந்தார்கள் என்று அது காட்டும். அழைப்பு ஒன்றும் வராது. கிரைண்டரின் தவணை மட்டும் தேதி தவறாமல் வரும்.

பக்கத்தைத் திறந்து பார்த்தேன். முதலில் ஒரு கோபுரம். சிறிது நேரத்தில் அது மறைந்து ஒரு தென்னந்தோப்பு. அதன்பின் வாழை இலை, மெரினா கடற்கரை, மறுபடியும் கோபுரம். அவற்றின் மேல் வெண்ணிற எழுத்தில் 'தரமே எங்கள் தாரக மந்திரம்' என்ற வாக்கியம். அதற்குக் கீழே 'மேலும் அறிய' என்று ஒரு பொத்தான். மாவு என்ற சொல்லைக் காண்பதற்குள் மூன்று முறை விரலால் தள்ள வேண்டியிருந்தது. தொலைபேசி எண் பக்கத்தின் அடியில், அதுவும் படத்திற்குள் எழுதப்பட்டு, தொட்டால் அழைப்புப் போகாதபடி இருந்தது. அமைத்துக் கொடுத்த பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். 'தமிழர் கடை என்று தெரிய வேண்டும்' என்று கேட்டார்கள், அவர் தெரியவைத்தார்.

இப்படி மாறி மாறி வரும் படங்களைப் பற்றி ஒரு செய்தி. அமெரிக்காவின் நோட்ரடேம் பல்கலைக்கழக இணையதளத்தில் 2013 ஆம் ஆண்டில் கணக்கெடுத்தார்கள். வந்தவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரே அந்தச் சுழலும் படங்களை அழுத்தினார். அந்த ஒருவரிலும் பெரும்பாலோர் அழுத்தியது முதற் படத்தைத்தான். பின்னால் வந்த படங்கள் யாருக்காக வந்தன என்பது வைத்தவர்களுக்கே வெளிச்சம்.

அந்த அம்மையாரும் நானும் உட்கார்ந்து முதலில் ஒரு கேள்வியை எழுதினோம்: மாவு வாங்க வருகிறவர் யார்? நம் காலனித் தமிழ்க் குடும்பங்கள் அல்ல. அவர்கள் வீட்டிலேயே அரைப்பார்கள், அல்லது நேரில் வந்து பாத்திரத்தில் வாங்கிப் போவார்கள். வருகிறவர்கள் தோசைக்குப் பழகிவிட்ட வங்காளிக் குடும்பங்கள், பீகாரிலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள், ஐ.ஐ.டி. வளாகத்தில் குடியிருக்கும் இளம் ஆசிரியர்கள். இரவு ஒன்பது மணிக்கு, நாளைக் காலைச் சிற்றுண்டிக்கு என்ன செய்வது என்ற கவலையோடு கைப்பேசியை எடுக்கிறார்கள். அவர்களுக்கு மெரினா எதற்கு? மாவு புதியதா, என் தெருவுக்கு வருமா, விலை என்ன, எப்படிச் சொல்வது? இவைதாம் அவர்கள் கேள்விகள்.

ஆகவே படங்களையெல்லாம் எடுத்துவிட்டு மேலே இப்படி எழுதினோம்: 'இன்று அரைத்த இட்லி தோசை மாவு. ரயில்வே காலனி, ஐ.ஐ.டி. வளாகம் எங்கும் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம்.' அதற்கடுத்த வரி: 'மாலை ஆறு மணிக்குள் சொன்னால் மறுநாள் காலை ஏழுக்குள் வரும்.' அடுத்து ஒரு கிலோவின் விலை. அதன்கீழ் ஒரே ஒரு பொத்தான்: 'வாட்ஸ்அப்பில் மாவு சொல்லுங்கள்.' விலையை மேலே போடலாமா என்று அம்மையார் மிகவும் தயங்கினார். மறைத்தால் மட்டும் மலிவாகிவிடாது என்று சொன்னேன். விலை ஒத்துவராதவர் அழைத்துப் பேசிவிட்டுப் போவதைவிடப் பார்த்துவிட்டுப் போவது இருவருக்கும் நல்லது.

இங்கே ஒரு வழக்கு எழுந்தது. இந்தச் சபையிலும் எழும் என்று எதிர்பார்க்கிறேன். அந்த வாக்கியம் எந்த மொழியில் இருக்க வேண்டும்? முன்பு பக்கத்தின் தலை முழுவதும் தமிழ். அம்மையாரின் மகன், "மாமா, நம் கடை, நம் மொழி, மேலே தமிழ்தான் இருக்க வேண்டும்" என்று வாதாடினான். அவன் பற்றை நான் மதிக்கிறேன். ஆனால் வங்காளி வீட்டுப் பெண்மணி அதனைப் படிக்கமாட்டாரே! நமது நிலையத்துப் பிளாட்பாரத்தின் முனையில் நிற்கும் மஞ்சள் பலகையில் ஊர்ப்பெயர் வங்காளம், இந்தி, ஆங்கிலம் என்ற மூன்றிலும் இருக்கிறது. வண்டியிலிருந்து எட்டிப் பார்க்கிறவன் எந்த மொழிக்காரன் ஆனாலும் ஊரைத் தவறவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். ஆகவே கடையின் பெயரைத் தமிழ் எழுத்தில் அழகாக மேலே வைத்தோம். அதுவே, மாவு தமிழ் வீட்டிலிருந்து வருகிறது என்பதற்கு முத்திரை. வாக்கியத்தை வங்காளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதினோம். இந்தி ஒரு தொடுதலில் கிடைக்கும். வங்காள வாக்கியத்தை நாங்களே மொழிபெயர்க்காமல் அடுத்த வீட்டு வங்காளிப் பெரியவரிடம் கேட்டு எழுதினோம். அவர் நாங்கள் சொன்னதை இரண்டு முறை திருத்தினார். இதனால் தமிழுக்கு இழுக்கு வந்ததாக நான் கருதவில்லை. அந்த மகனுக்கு இன்னும் சிறிது மனத்தாங்கல் உண்டு. அவன் பக்கம் நின்று பேச விரும்புகிறவர்கள் பின்னர்ப் பேசலாம்; கேட்கக் காத்திருக்கிறேன்.

எழுத்துகளைப் படத்திற்குள் எழுதிவிடுவது நம்மவரிடையே பரவியுள்ள ஒரு வழக்கம். அப்படி எழுதினால் தேடுபொறிக்கு அது எளிதில் எட்டாது. கண் தெரியாதவர்களுக்குப் படித்துக்காட்டும் கருவிக்கும் புலப்படாது. உலாவியின் மொழிபெயர்ப்பு வசதியும் பெரும்பாலும் அங்கே கைகொடுக்காது. எழுத்து எழுத்தாகவே இருக்கட்டும். வண்ணப் படத்தின் மேல் வெள்ளை எழுத்தும் வேண்டாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு 4.5க்கு 1 என்ற விகிதத்திற்குக் குறையக் கூடாது என்று உலக இணைய அமைப்பின் நெறிமுறை கூறுகிறது. விகிதத்தை அளக்கத் தெரியாவிட்டாலும் குற்றமில்லை. கைப்பேசியை வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தால் விளங்கிவிடும். தமிழில் தலைப்பு எழுதுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் சொற்கள் நீளமானவை. பெரிய எழுத்தில் இட்டால் சிறிய திரையில் பாதிச் சொல் வெளியே போய்விடும்.

படமே வேண்டாமா என்று கேட்டால், ஒன்று வேண்டும், உங்களுடையதாக வேண்டும். அம்மையாரின் சமையலறைச் ஜன்னலோரத்தில், காலை வெளிச்சத்தில், பொங்கி நிற்கும் மாவுப் பாத்திரத்தை அவர் மகனே கைப்பேசியில் படம் பிடித்தான். பாத்திரத்தின் விளிம்பில் சிறிது வழிந்திருந்தது. துடைத்துவிட்டு மறுபடி எடுக்கலாம் என்றான். நான் வேண்டாம் என்றேன். மாவு பொங்கியிருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி ஏது? வேறு யாரோ எடுத்து ஆயிரம் கடைகள் போட்டுவிட்ட வாழை இலைப் படத்தைப் பார்த்து ஒருவரும் மாவு வாங்குவதில்லை.

ஆனால் கைப்பேசியில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றிவிடக் கூடாது. அது நான்கைந்து மெகாபைட் எடை இருக்கும். கூட்ஸ் வண்டியை மெயில் வண்டியின் தடத்தில் விட்டது போல எல்லாவற்றையும் நிறுத்திவிடும். அகலத்தைக் குறைத்து, வெப்பி என்னும் வடிவத்தில் சேமித்தால் 150 கிலோபைட்டுக்குள் அடங்கும். பார்ப்பவர் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. முதல் திரையின் மிகப் பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் தோன்றிவிட வேண்டும் என்பது கூகிள் வகுத்துள்ள அளவு. மூன்று விநாடிக்கு மேல் காக்கவைத்தால் கைப்பேசியில் வருகிறவர்களில் 53 விழுக்காட்டினர் போய்விடுகிறார்கள் என்று அதே நிறுவனம் 2016 ஆம் ஆண்டில் வெளியிட்டது. இரண்டு மணி நேரம் தாமதமான வண்டிக்குப் பொறுமையாகக் காத்திருக்கும் அதே மனிதர்தாம் இவர் என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. அங்கே வேறு வண்டி இல்லை. இங்கே ஒரு விரல் தூரத்தில் வேறு கடை இருக்கிறது.

பொத்தானுக்கு வருகிறேன். பெரும்பாலான பக்கங்களில் 'மேலும் அறிய' என்றே இருக்கிறது. வந்தவர் அறிய வரவில்லை. மாவு வாங்க வந்திருக்கிறார். அழுத்தினால் என்ன நடக்குமோ அதையே பொத்தானில் எழுத வேண்டும். 'அளவு கொடுக்க நேரம் குறியுங்கள்' என்று தையற்காரர் எழுதலாம். 'ஒரு வகுப்பு இலவசமாக வந்து பாருங்கள்' என்று நாட்டிய ஆசிரியை எழுதலாம். கட்டைவிரல் தடுமாறாமல் அழுத்தும்படி அது பெரிதாக இருக்க வேண்டும். ஆண்டிராய்டு அமைப்பில் 48 அலகு உயரம் வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். மூன்று பொத்தான்களை ஒரே அளவில் அடுக்காதீர்கள். வாட்ஸ்அப் இணைப்பில் எண்ணை எழுதும்போது நாட்டுக்குரிய 91 முன்னால் வர வேண்டும். கூட்டல் குறியும் பூஜ்யமும் கூடாது. இதைக் கவனியாமையால் அழுத்தினாலும் திறக்காத பொத்தான்கள் நம் காலனியிலேயே இரண்டு கண்டேன். அந்த இணைப்பிலேயே முதற் செய்தியையும் எழுதி வைத்துவிடலாம். 'நாளைக்கு மாவு வேண்டும், பக்கத்தில் பார்த்தேன்' என்று வாடிக்கையாளர் தட்டச்சு செய்யாமலே செய்தி போகும். அந்தச் சொல்லைக் கண்டு, இவர் இணையதளம் வழியாக வந்தவர் என்று நீங்களும் கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

நம்பிக்கையூட்டும் செய்தி ஒன்றும் முதல் திரையில் இருப்பது நன்று. 'இந்தியாவிலேயே முதல் தரம்' என்பது நம்பிக்கை ஊட்டாது, சிரிப்பூட்டும். உணவுத் தொழிலுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவின் 14 இலக்க எண் இருக்கிறது. அதனைப் பொத்தானின் கீழே சிறிய எழுத்தில் போட்டோம். டியூஷன் ஆசிரியர் எத்தனை ஆண்டுகளாக நடத்துகிறார், எந்த வகுப்புகளுக்கு நடத்துகிறார் என்று ஒரு வரி போட்டால் போதும்.

ஓர் இளைஞர் எனக்கு ஒரு யோசனை சொன்னார். 'இன்னும் இரண்டு மணி நேரமே உள்ளது' என்று ஓடும் கடிகாரம் ஒன்றை மேலே வைத்தால் மக்கள் பதறிப்போய் வாங்குவார்களாம். இரண்டு மணி நேரம் கழிந்தவுடன் அது மறுபடி இரண்டிலிருந்து தொடங்குமாம்! கால அட்டவணையோடு வாழ்கிறவனிடம் வந்து இதனைச் சொன்னார். இது பொய் என்பது ஒருபுறம் இருக்க, சட்டத்திற்கும் புறம்பானது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 ஆம் ஆண்டு நவம்பர் 30 ஆம் நாள் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் 13 வகை ஏமாற்று உத்திகளைத் தடை செய்திருக்கிறது. பொய்யான அவசரம் அவற்றுள் ஒன்று. மாலை ஆறு மணி என்று அம்மையார் எழுதியது மெய்யான அவசரம். அதற்கு மேல் சொன்னால் அரிசி ஊறாது. பக்கம் திறந்தவுடன் முழுத் திரையையும் மறைத்துக்கொண்டு, 'உங்கள் எண்ணைத் தாருங்கள்' என்று கேட்கும் பெட்டியும் வேண்டாம். இத்தகைய பெட்டி வைத்த பக்கங்களைக் கைப்பேசித் தேடலில் கீழே தள்ளுவதாக 2017 ஆம் ஆண்டு ஜனவரியிலிருந்தே கூகிள் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. விருந்தாளி செருப்பைக் கழற்றுவதற்குள் ஆதார் அட்டையைக் கேட்பாருண்டோ?

மாவு அம்மையாரின் பக்கம் மாறிய பின் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வண்டி நிறையப் பணம் வந்துவிடவில்லை. முன்பின் அறியாத எண்களிலிருந்து வாட்ஸ்அப்பில் வங்காள மொழியில் செய்திகள் வரத் தொடங்கின. அவற்றைப் படிக்க அம்மையார் இப்போது வங்காள எழுத்துக் கற்கிறார். அடகில் உள்ள வளையல் இன்னும் வீடு திரும்பவில்லை; கிரைண்டரின் தவணை மட்டும் மாவுக் காசிலிருந்தே கட்டப்படுகிறது. எல்லாம் முதல் திரையால் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். மாவு நன்றாக இல்லாவிட்டால் இரண்டாவது ஆர்டர் வராது. கூகிள் வரைபடத்தில் கடையின் பெயரும் எண்ணும் நேரமும் சரியாக இருக்க வேண்டும் என்பதும் இதற்கு இணையான வேலை. அதனைப் பிறிதொரு நாள் பார்க்கலாம்.

கடைசியாக, உங்கள் பக்கம் எப்படி இருக்கிறது என்று அறிய ஒரு சோதனை உண்டு. பெரிய நிறுவனங்கள் ஒரே பக்கத்தை இரண்டு விதமாக அமைத்து ஆயிரக்கணக்கானோருக்குக் காட்டி எது மேல் என்று பார்க்கும். நமக்கு அத்தனை பேர் வரமாட்டார்கள். வந்த முப்பது பேரை வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதவும் கூடாது. அதற்குப் பதிலாக, உங்கள் தொழிலை அறியாத ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுத்து முதல் திரையை ஐந்து விநாடி மட்டும் காட்டுங்கள். பிறகு வாங்கி வைத்துக்கொண்டு, இங்கே என்ன விற்கிறார்கள், யாருக்கு, வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்று மூன்று கேள்வி கேளுங்கள். உறவினரிடம் கேட்காதீர்கள், அவர் உங்கள் மனம் நோகாத விடையே சொல்வார். நமது மாவுப் பக்கத்தின் பழைய வடிவத்தைப் பார்சல் ஆபீஸில் வேலை பார்க்கும் பீகாரி நண்பர் ஒருவரிடம் இப்படிக் காட்டினேன். சுற்றுலாக் கம்பெனி என்றார். ராமேசுவரத்திற்குத் தலைக்கு எவ்வளவு ஆகும் என்றும் கேட்டார். புதிய வடிவத்தை வேறொருவரிடம் காட்டினேன். அவர் பதில் சொல்லாமல், "மாவு நாளைக்கு வருமா?" என்றார்.

இணையதளம் வைத்திருக்கும் அன்பர்களும் தாய்மார்களும் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்க நூலகத்திற்குத் தங்கள் கைப்பேசியோடு வாருங்கள். நான் அங்கே இருப்பேன். பழைய, சிறிய கைப்பேசியாகக் கொண்டுவந்தால் இன்னும் நல்லது; உங்கள் வாடிக்கையாளர் கையில் இருப்பது பெரும்பாலும் அதுதான். அடுத்த தெரு வங்காளிப் பெரியவரும் ஒரு மணி நேரம் வந்திருப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருக்கு ஃபில்டர் காபி ஏற்பாடு செய்யும் பொறுப்பைச் செயலாளர் அவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும்.